தொட்டிக்கு அடியில ரெண்டு உருண்டை

பூந்தொட்டிய இடம் மாத்தும்போது அடியில ஈரமா இருக்கற எடத்துல இருந்து சாம்பல் கலர்ல குட்டி குட்டியா ஏதோ நாலு பக்கமும் ஓடும், பாத்திருப்பீங்க. முதுகு பூரா பட்டை பட்டையா ஓடு, விரல் நுனி பட்டா போதும், அப்படியே சுருண்டு மிளகு சைஸ்ல ஒரு உருண்டை ஆயிடும், கொஞ்ச நேரம் கழிச்சு ஆள் அரவம் இல்லன்னு தெரிஞ்சதும் மெதுவா விரிஞ்சு அது பாட்டுக்கு போயிடும். சின்ன வயசுல இருந்தே எனக்கு அது உருண்டைப் பூச்சி, அவ்ளோதான்.

ஒரு மழை நாள்ல தொட்டியத் தூக்கினப்ப ரெண்டு உருண்டை பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு. ஒண்ணு வழக்கமான சாம்பல், இன்னொண்ணு கொஞ்சம் பெருசு, கருப்பு, எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு. ரெண்டையும் ஒரு வெள்ளைப் பேப்பர்ல எடுத்து வச்சு, விரியற வரைக்கும் அசையாம காத்திருந்து, பூதக்கண்ணாடி வச்சு காலை எண்ண ஆரம்பிச்சேன். சாம்பலுக்கு ஒரு பட்டைக்கு ஒரு ஜோடி, மொத்தம் 7 ஜோடி, 14 கால். கருப்பு நகந்துகிட்டே இருந்ததால எண்ணி முடிக்க முடியல, ஆனா நடு உடம்புல ஒரு பட்டைக்கு ரெண்டு ரெண்டு ஜோடி இருக்குங்கறது மட்டும் தெளிவா தெரிஞ்சுது, 15 ஜோடிக்கு மேலயே போச்சு. வால் பக்கமும் வேற வேற, கருப்புக்கு கடைசில மூடி போட்ட மாதிரி ஒரே பெரிய ஓடு, சாம்பலுக்கு அதே எடத்துல சின்ன சின்னதா பல துண்டு.

கருப்பு ஒரு மரவட்டை. சாம்பல் இருக்கே, அது நண்டு, இறால் இருக்கற ஓட்டுடலிகள் கூட்டம்!

படிச்சுத் தெரிஞ்சுகிட்டப்ப நம்ப முடியல, மறுபடி ஒண்ண எடுத்து மல்லாக்கப் போட்டுப் பாத்தேன். பின்பக்கம் அடியில வெள்ளைப் புள்ளி மாதிரி திட்டு திட்டா தெரியும், மூச்சு விடற உறுப்பு அதுலதான் இருக்கு. கடல்ல இருந்த காலத்துல செவுளா வேலை செஞ்ச தட்டுங்க, தரைக்கு வந்தப்புறம் காத்துல இருந்து ஆக்சிஜன் எடுக்கற மாதிரி மாறியிருக்கு, ஆனாலும் ஈரம் இல்லன்னா வேலை செய்யாது. அதனாலதான் அது வெயில்ல வராது, தொட்டிக்கு அடியிலயும் மக்கின இலைக்கு நடுவுலயும் கெடக்கும். கூச்ச சுபாவம்னு நான் நெனச்சுகிட்டு இருந்தது மூச்சு முட்டற பிரச்சனை. ஆழ்கடல்ல இதோட சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார், 1879ல முதல்முதலா விவரிச்சது, முப்பது சென்டிமீட்டருக்கு மேல வளரும், உருவம் அச்சு அசல் நம்ம தொட்டிக்கு அடியில இருக்கறதேதான், சைஸ் மட்டும் ஒரு குட்டிப் பூனை அளவுக்கு.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, என்னை ரொம்ப நாள் தூங்க விடாம பண்ணினது அதுதான். பக்கத்துல அதே மாதிரி சுருண்டு கெடந்த கருப்பு மரவட்டைய விட, அந்தத் தொட்டிப் பூ மேல வந்து உக்காற வண்ணத்துப்பூச்சிதான் சாம்பல் உருண்டைக்கு நெருங்கின சொந்தம். ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி சுருள்றது, ஒரே எடத்துல குடியிருக்கறது எல்லாம் இருந்தும், ரெண்டும் தனித்தனியா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம கத்துகிட்ட வித்தை அது. மெத்துனு இருக்கற வயித்தக் காப்பாத்தணும், முதுகுல ஓடு இருக்கு, அப்ப சுருண்டுக்கறதுதான் சுலபமான வழி, ரெண்டு குடும்பமும் அந்த வழியத் தானா கண்டுபிடிச்சிருக்கு.

பள்ளிக்கூடத்துல நமக்கு இத சொல்லிக் குடுத்த விதத்த நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்னு ஏழு படிய மனப்பாடம் பண்ண வச்சாங்க, ஒவ்வொரு தொகுதிக்கும் மூணு எடுத்துக்காட்டு, ரெண்டு மார்க். ஏதோ பெரிய பீரோவுல தட்டு தட்டா பிரிச்சு உயிர்கள அடுக்கி வச்ச மாதிரி ஒரு படம்தான் மனசுல பதிஞ்சுது. அந்த அடுக்குக்குப் பின்னாடி ஒரே ஒரு கேள்விதான் இருக்கு, "யாரு யாருக்கு எந்த வகையில சொந்தம்"ங்கறது மட்டும்தான்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அன்னிக்கே புடிச்சிருக்கும். பேரினம், சிற்றினம்ங்கறது ஒரு வம்சத்தோட கிளைங்க. சொந்தபந்தம் பத்தி விசாரிக்க நம்மள விட ஆர்வமா யாரு இருக்கா, எந்தக் கல்யாண வீட்டுலயும் மொத அரை மணி நேரம் அதுதானே நடக்குது.

ஆரம்பத்துல இந்த வேலைய செஞ்சவங்க அந்தக் கேள்வியக் கேக்கல, அது அவங்க தப்பு இல்ல. கார்ல் லின்னேயஸ், சுவீடன்காரர், உயிர்கள வகைப்படுத்தி எழுதின 'சிஸ்டெமா நேச்சுரே'ங்கற புத்தகத்தோட மொத பதிப்ப 1735ல வெளியிட்டப்ப அது பத்துப் பன்னெண்டு பக்கம்தான், ஆனா பக்கம் ஒவ்வொண்ணும் ரொம்பப் பெருசு. அதுல திமிங்கலம் மீன்கள் கூட இருந்துச்சு. 1758ல வந்த பத்தாவது பதிப்புல 4,000க்கும் மேல விலங்குகளுக்கு பேரினம், சிற்றினம்னு ரெட்டைப் பேர் குடுத்துட்டார், இன்னிக்கும் விலங்குகளோட அறிவியல் பேருக்கெல்லாம் கணக்கு அங்க இருந்துதான் தொடங்குது. திமிங்கலத்தையும் மீன் கூட்டத்துல இருந்து எடுத்து பாலூட்டிகள்ல சேத்தார். பாலூட்டிங்கற வகுப்புப் பேரே அந்தப் பதிப்புலதான் வந்துச்சு. அதே பதிப்புல வௌவாலக் கொண்டுபோய் மனுஷன், குரங்கு இருக்கற வரிசையில சேத்திருக்கார். பூச்சிங்கற வகுப்புல நண்டு, சிலந்தி, தேள், பூரான், மரவட்டை, நம்ம சாம்பல் உருண்டை எல்லாம் ஒண்ணா இருக்கு. மிச்சம் எங்கயும் ஒட்டாதது எல்லாம் புழுங்கற வகுப்பு, நத்தை, நட்சத்திர மீன், ஜெல்லி மீன், மண்புழு எல்லாம் அதுல. கண்ணுக்குத் தெரியற அடையாளத்த வச்சு, இருந்த தகவல வச்சு, ஒரு மனுஷன் இவ்ளோ தூரம் அடுக்கினது சாதாரண உழைப்பு கிடையாது. ஆனா அது ஒரு நூலகத்துல புத்தகம் அடுக்கற மாதிரியான வேலை, வம்சம் தேடற வேலை இல்ல.

தமிழ்ல இதுக்கு ரொம்ப முன்னாடியே தொல்காப்பியத்துல ஒரு வகைப்பாடு இருக்கு, எத்தனை அறிவுன்னு எண்ணி. புல், மரத்துக்கு தொடு உணர்வு மட்டும், அதனால ஓரறிவு. அப்புறம் நத்தையும் சிப்பியும் ரெண்டு, கறையானும் எறும்பும் மூணு, நண்டும் தும்பியும் நாலு, விலங்குகளுக்கு அஞ்சு, மனுஷனுக்கு ஆறு. எனக்கு இதுல புடிச்சது அறிவு எத்தனைங்கற எண்ணிக்கை இல்ல, கேட்ட கேள்விதான். இந்த உயிர் உலகத்த எப்படி உணருதுன்னு கேட்டு அதுல இருந்து அடுக்கியிருக்காங்க. அதுவும் சொந்தம் தேடற வகைப்பாடு இல்ல, அத அந்த அளவுல வச்சுப் பாக்கணும், இன்னிக்கு அறிவியல் சொல்றத எல்லாம் அன்னிக்கே சொல்லிட்டாங்கன்னு இழுக்கறது ரெண்டுக்குமே நியாயம் இல்ல.

ஆனா அந்தப் பட்டியல்ல இருக்கற ரெண்டு ஜோடிய எடுத்துப் பாக்க எனக்கு ஆசை. கறையானும் எறும்பும். பாத்தா பங்காளிங்க மாதிரிதான் இருக்கும், ரெண்டும் புத்து கட்டும், ராணி உண்டு, வேலைக்காரங்க உண்டு, சிப்பாய் உண்டு. இங்கிலீஷ்லயும் கறையான வெள்ளை எறும்புன்னுதான் ரொம்ப காலம் சொன்னாங்க. ஆனா எறும்பு குளவியோட வம்சம். கறையான் கரப்பான்பூச்சியோட வம்சம், அதுவும் பக்கத்து வீட்டு சொந்தம் கிடையாது, கரப்பான் குடும்ப மரத்துக்கு உள்ளயே ஒரு கிளை. மரத்தத் தின்னு குடும்பமா வாழற ஒரு கரப்பான் வகை இருக்கு, அதோட குடல்ல இருக்கற நுண்ணுயிரும் கறையான் குடல்ல இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு முன்னாடியே கவனிச்சிருந்தாங்க, 2007ல டிஎன்ஏவ வச்சு அத உறுதிப்படுத்தினப்ப கறையானுக்குன்னு தனியா இருந்த வரிசையையே எடுத்துட்டு கரப்பானோட சேக்கணும்னு எழுதினாங்க.

அடுத்தது நண்டும் தும்பியும். இங்க நேர் எதிர், ஜாடையே இல்ல, ஒண்ணு தண்ணில பக்கவாட்டுல நடக்குது, ஒண்ணு வானத்துல பறக்குது, ஆனா ரெண்டும் சொந்தம். பூச்சிக்கும் மரவட்டைக்கும் தான் நெருக்கம்னு இருபதாம் நூற்றாண்டுல ரொம்ப காலம் நெனச்சாங்க, காரணமும் இருந்துச்சு, ரெண்டுக்கும் உணர்கொம்பு ஒரே ஜோடி, ரெண்டும் உடம்புக்குள்ள ஓடற சின்னச் சின்ன காத்துக் குழாய் வழியா மூச்சு விடுது. நண்டு, இறாலுக்கெல்லாம் உணர்கொம்பு ரெண்டு ஜோடி. நம்ம சாம்பல் உருண்டைக்கும் ரெண்டு ஜோடிதான், ஒரு ஜோடி ரொம்பக் குட்டியாகிப் போனதால கண்ணுக்குத் தெரியாது. டிஎன்ஏ வந்து இத தலைகீழாக்குச்சு. 2010ல 62 ஜீன்கள வச்சு, பூச்சி, நண்டு, சிலந்தி, பூரான் எல்லாம் சேந்த கணுக்காலிகள்ல 75 இனங்கள ஒப்பிட்டுப் பாத்த ஆய்வு வந்துச்சு, பூச்சிங்க மொத்தமும் ஓட்டுடலிகளோட வம்சத்துக்கு உள்ள இருக்கு, மரவட்டையும் பூரானும் வெளிய நிக்குது. ஈ, எறும்பு, தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாமே தரைக்கு வந்த ஓட்டுடலிகள்னு சொன்னா மிகையே இல்ல. காத்துக் குழாயும், சுருள்ற வித்தை மாதிரியே, தனித்தனியா வந்தது.

ஜாடைய நம்பினா எப்படி ஏமாறுவோம்ங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய கதை கொட்டலசோடது. கடலோரப் பாறைலயும் கப்பல் அடியிலயும் சின்ன எரிமலை மாதிரி வெள்ளையா ஒட்டிகிட்டு இருக்குமே, வெறும் காலோட ஏறினா பாதத்தக் கிழிக்குமே, அதுதான். தண்ணி வடிஞ்சப்ப பாத்தா கல்லு மாதிரி கெடக்கும். ஒரு தடவை பாறைக் குழில தேங்கின தண்ணிக்கு மூஞ்சிய ரொம்பக் கிட்ட வச்சு நிழல் விழாம பாத்துகிட்டே இருந்தேன், உச்சில இருக்கற ரெண்டு கதவு மெதுவா விலகுச்சு, உள்ள இருந்து இறகு மாதிரி ஒரு கொத்து வெளிய வந்து தண்ணிய ஒரு வாரு வாரிட்டு உள்ள போச்சு, மறுபடி வந்துச்சு, மறுபடி வாருச்சு, ஒரு தாளத்துல. அந்த இறகெல்லாம் கால். தலைகீழா ஒட்டிகிட்டு, காலால சாப்பாட்ட வாயில வாரிப் போட்டுக்கற ஓட்டுடலி அது. ஓடு இருக்கறத வச்சு பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே மாதிரி பெரிய ஆளே அத சிப்பி, நத்தை இருக்கற மெல்லுடலிகள்ல போட்டிருந்தார். ஜான் வாகன் தாம்சன்னு ராணுவ டாக்டர் ஒருத்தர், அயர்லாந்துல இருந்தவர், கடல்ல நீந்திகிட்டு இருந்த குட்டிக் குட்டி ஜீவன்கள பிடிச்சு கண்ணாடி ஜாடில கடல் தண்ணி ஊத்தி வளத்தார். பாத்தா இறால் குஞ்சு மாதிரி இருந்தது போய் ஜாடியோட ஒட்டிகிட்டு கொட்டலசா மாறிடுச்சு. 1830ல இத எழுதினார். வளந்தது பொய் சொன்னாலும் குஞ்சு பொய் சொல்லாதுங்கறது அப்பத்தான் பிடிபட்டுச்சு. சார்லஸ் டார்வின் 1846ல இருந்து 1854 வரைக்கும் எட்டு வருஷம் இந்தக் கொட்டலசுகள மட்டும் உக்காந்து அறுத்துப் பாத்தார், பரிணாமம் பத்தின தன்னோட பெரிய புத்தகத்த வெளிய விடறதுக்கு முன்னாடி. நேர விரயம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல. ஒரு உறுப்பு கொஞ்சம் கொஞ்சமா இன்னொண்ணா எப்படி மாறுதுன்னு கையால தொட்டுத் தெரிஞ்சுகிட்டது அந்த எட்டு வருஷத்துலதான்.

இந்த மாதிரி விஷயம் கோர்ட் வரைக்கும் கூட போயிருக்கு. 1818 டிசம்பர்ல நியூயார்க்ல ஒரு வழக்கு. மீன் எண்ணெய சோதிச்சு முத்திரை போடற அதிகாரி கட்டணம் கேக்கறார், வியாபாரி என்கிட்ட இருக்கறது திமிங்கல எண்ணெய், திமிங்கலம் மீனே இல்லன்னு சொல்றார். சாமுவேல் மிட்சில்ங்கற விஞ்ஞானி வந்து திமிங்கலம் மீன் கிடையாதுன்னு சாட்சி சொன்னார். ஜூரி எல்லாத்தையும் கேட்டுட்டு திமிங்கலம் மீன்தான்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு திமிங்கலம் எங்க வாழுது, எப்படி இருக்குங்கறதுதான் முக்கியமாப் பட்டிருக்கு. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது அதவிட ஆச்சரியமானது, திமிங்கலத்துக்கு உயிரோட இருக்கறதுல ரொம்ப நெருங்கின சொந்தம் நீர்யானை. டிஎன்ஏ 1990கள்லயே அத காட்டிடுச்சு, எலும்புக்காரங்க ஒத்துக்கல. 2001ல பாகிஸ்தான்ல கெடச்ச பழைய திமிங்கலப் புதைபடிவத்துல கணுக்கால் எலும்பு இருந்துச்சு, ரெண்டு பக்கமும் கப்பி மாதிரி இருக்கற அந்த எலும்பு மாடு, மான், பன்னி, நீர்யானை இருக்கற இரட்டைக் குளம்புக் கூட்டத்துக்கு மட்டுமே உரியது. அதுக்கப்புறம் பெரிசா சண்டை இல்ல.

சரி, சொந்தம்னு எத வச்சு முடிவு பண்றது, அதுக்கு ஒரு சட்டம் வேணும்ல. அத தெளிவா எழுதினவர் வில்லி ஹென்னிக், ஜெர்மன்காரர், வாழ்நாள் பூரா ஈக்கள ஆராய்ச்சி பண்ணினவர். ரெண்டாம் உலகப் போர் முடிவுல போர்க்கைதியா இருந்தப்பவே எழுத ஆரம்பிச்சது, 1950ல புத்தகமா வந்துச்சு, 1966ல இங்கிலீஷ்ல வந்தப்புறம்தான் உலகம் பூரா பேசினாங்க. சட்டம் ரொம்ப எளிசு. ஒரு குடும்பப் படம் எடுக்கணும்னா ஒரு பாட்டியச் சொல்லு, அந்தப் பாட்டியோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் படத்துல இருக்கணும், வேற யாரும் இருக்கக் கூடாது, உருவம் மாறிப் போச்சு, வெளியூர் போயிட்டான்னு ஒருத்தரையும் வெளிய நிறுத்தக் கூடாது. அவ்ளோதான்!

இந்த ஒரு சட்டத்தப் போட்டா மீன்ங்கற கூட்டமே கரைஞ்சு போயிடுது. நுரையீரல் மீன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு சால்மன் மீனை விட மாடுதான் நெருங்கின சொந்தம். அதாவது சால்மனும் நுரையீரல் மீனும் ஒரே படத்துல இருக்கணும்னா மாடு, காக்கா, பாம்பு, நீங்க, நான் எல்லாருமே அதே படத்துல நிக்கணும். ஒண்ணு நாம எல்லாரும் மீன், இல்லன்னா மீன்னு ஒரு வம்சமே கிடையாது. ஊர்வனங்கறதும் அதே கதி, முதலைக்கு பல்லியை விட கோழிதான் கிட்டத்து சொந்தம், ரெண்டுக்கும் இதயத்துல நாலு அறை, ரெண்டும் கூடு கட்டி முட்டைய காவல் காக்கும். முதுகெலும்பு இல்லாதவைங்கறது இன்னும் மோசம். பாறைல பை மாதிரி ஒட்டிகிட்டு தண்ணிய உறிஞ்சித் துப்பற ஒரு ஜீவன் இருக்கு, கடற்பீச்சின்னு சொல்றாங்க, அதோட குஞ்சு தவளைக்குஞ்சு மாதிரி வாலாட்டிகிட்டு நீந்தும், வாலுக்குள்ள முதுகுத்தண்டுக்கு முன்னோடியான நாண் இருக்கும். 1866லயே கோவலெவ்ஸ்கிங்கற ரஷ்ய விஞ்ஞானி இத கண்டுபிடிச்சுட்டார். அது நம்ம ஆளு. பக்கத்துல ஊர்ற புழுவை விட நமக்குத்தான் சொந்தம்.

மீன்ங்கற வார்த்தைய விட்டுடணும்னு நான் சொல்ல வரல. தமிழ்ல அந்த வார்த்தை வானத்துல மின்னறதுக்கும் உண்டு, தண்ணில மின்னறதுக்கும் உண்டு, அது பாட்டுக்கு அழகா இருக்கட்டும். கழுதைப்புலின்னு பேர் வச்சவங்களையும் நான் ரொம்ப மதிக்கிறேன், ஏன்னா பாக்கறதுக்கு நாய் மாதிரி இருக்கற அந்த ஜீவன் உண்மையில நாய்ப் பக்கம் இல்ல, பூனைப் பக்கம், கீரியும் அதே பக்கம்தான் நெருக்கமா நிக்குது. பேர்ல புலி இருக்கறது ரொம்பப் பொருத்தம்.

எண்ணிக்கையப் பாத்தாலும் நம்ம கண்ணோட்டம் எவ்ளோ சாஞ்சு கெடக்குன்னு தெரியும். விலங்குன்னு சொன்னதும் சிங்கம், யானைதான் ஞாபகம் வருது. பாலூட்டி மொத்தமே 6,500 இனம் சுமாருக்குத்தான். முதுகெலும்பு உள்ளது எல்லாத்தையும் கூட்டினாலும் 70,000 பக்கம் வரும். வண்டு மட்டும் பேர் வச்ச வரைக்கும் கிட்டத்தட்ட 4 லட்சம் இனம், பூச்சிங்க மொத்தம் 10 லட்சம். விலங்கு உலகத்துல கண்ண மூடிகிட்டு ஒரு இனத்த எடுத்தா நாலுக்கு ஒரு தடவை வண்டு வரும்.

அடி மரம் இன்னும் முடிவாகாம இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம். விலங்குகள்ல மொதல்ல பிரிஞ்சு போன கிளை கடற்பஞ்சா, இல்ல ஜெல்லி மீன் மாதிரி மெதக்கற சீப்பு ஜெல்லியான்னு 2008ல இருந்து சண்டை நடக்குது, 2023ல குரோமோசோம்ல எந்தெந்த ஜீன்கள் ஒண்ணா சேந்து இருக்குன்னு பாத்து சீப்பு ஜெல்லிதான்னு ஒரு ஆய்வு வந்துச்சு, இன்னும் எல்லாரும் ஒத்துக்கல. சீப்பு ஜெல்லிக்கு நரம்பும் தசையும் உண்டு, கடற்பஞ்சுக்கு ரெண்டும் கிடையாது, அதனால அதுங்க ஒரு தடவை வந்துச்சா ரெண்டு தடவை வந்துச்சாங்கற கேள்வி தொறந்தே இருக்கு, அவ்ளோ பெரிய விஷயம் அதுல தொங்குது.

போன வாரம் மறுபடி தொட்டியத் தூக்கினேன். ஒரு பெரிய சாம்பல் உருண்டை, பெண். மல்லாக்கப் போட்டேன், முன் கால்களுக்கு நடுவுல வயித்துல மெல்லிசா பை மாதிரி வீங்கியிருந்துச்சு. தரைக்கு வந்து எத்தனையோ கோடி வருஷம் ஆகியும் இதுங்க முட்டைய மண்ணுல போடறதில்ல, அடி வயித்துப் பையில திரவத்துக்குள்ள வச்சு குஞ்சு பொரியற வரைக்கும் சுமக்கும். நான் பாக்கப் பாக்க பையில ஒரு ஓரம் அசைஞ்சுது, வெள்ளையா, கண்ணாடி மாதிரி, எறும்பு முட்டைய விடச் சின்னதா ஒண்ணு வெளிய வந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு. பூதக்கண்ணாடிய எடுத்து காலை எண்ணினேன், 6 ஜோடிதான் இருந்துச்சு. ஏழாவது ஜோடி தோல் உரிச்சப்புறம்தான் வரும். காய்ஞ்சிடப் போகுதுன்னு ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சுட்டு தொட்டிய மெதுவா இருந்த எடத்துலயே வச்சேன்.